படைப்பே தேவனுடைய வார்த்தை எண்டா, சுனாமியும் அவர் பேசினதா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி நிலாவெளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. "பாஸ்டர், படைப்பு முழுக்க தேவனுடைய வார்த்தையின்ர வெளிப்பாடு எண்டு போன கிழமை சொன்னீங்கள், அப்ப கடலும் மலையும் கடவுள்தானா? அப்பிடியெண்டா சுனாமியும் அவர் பேசின பேச்சா?" எண்டு கேட்டிருக்கிறா. உண்மையில இது ரெண்டு கேள்வி. ரெண்டாவதுதான் கஷ்டம், அதுக்குப் பிறகு வாறன்.

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்த எடுங்கோ. "வெளிச்சம் உண்டாகக்கடவது" எண்டார், உண்டாச்சுது. அந்த ஒரு அதிகாரத்துக்குள்ள தேவன் 10 தரம் வாய் திறக்கிறார், வீட்ட போய் எண்ணிப் பாருங்கோ. பழைய பாபிலோன் கதையில ஒரு தெய்வம் இன்னொரு தெய்வத்தோட சண்டை பிடிச்சு, அதின்ர உடம்ப ரெண்டாப் பிளந்து, அதில ஒரு பாதியிலதான் வானத்தச் செய்யும். இங்க சண்டையும் இல்ல, பிளக்கிறதும் இல்ல, வெறும் சொல்லுத்தான். சங்கீதம் 33லயும் அதுதான் இருக்குது, "அவர் சொல்ல ஆகும், அவர் கட்டளையிட நிற்கும்." அப்ப உலகம் அவரில இருந்து பிஞ்சு விழுந்த துண்டு இல்ல, அவர் விரும்பிச் சொன்னதால வந்தது, சொல்லாமலும் விட்டிருக்கலாம், ஆரும் கேட்டிருக்க ஏலாது.

எங்கட பக்கம் கனபேற்ற அம்மாமார் சவுதி, குவைத் எண்டு வேலைக்குப் போயிருக்கினம் தானே, ராவில வொய்ஸ் மெசேஜ் அனுப்புவினம், பிள்ளை அத திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கும், அழும், அது அம்மாவின்ர குரல்தான், பொய் இல்ல, ஆனா அந்தப் பிள்ளை போனுக்குச் சோறு தீத்துமா? தீத்தாது. படைப்பும் அந்தப் போன் மாதிரித்தான், அதில கேக்கிற குரல் தேவன்ர, ஆனா அது தேவன் இல்ல. பவுல் ரோமர் 1ல சிருஷ்டிகரை விட்டிட்டு சிருஷ்டியச் சேவிக்காதேங்கோ எண்டு சொல்லுறதும் இதைத்தான். அதுக்காக போனைத் தூக்கி எறியவும் மாட்டம், அது வேற கதை.

ஆனா ஒண்டைக் கலக்கக் கூடாது. யோவான் 1ல "ஆதியிலே வார்த்தை இருந்தது" எண்டு வாறது படைக்கப்பட்ட ஒண்டைப் பற்றி இல்ல. அது இயேசு. "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று" எண்டு அங்கேயே இருக்குது. கடல் அவர் மூலமா வந்தது, அவர் கடலா மாறேல்ல. கொலோசெயர் 1ல எல்லாம் அவருக்குள்ள நிலைநிற்குது எண்டும் இருக்குது, அதாவது ஒருக்கா சொல்லிப்போட்டு விட்டிட்டுப் போன பேச்சு இல்ல, இப்பவும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

மார்ச், ஏப்ரல்ல போட்ல போய்ப் பாத்தனீங்களோ தெரியாது, திருகோணமலையில கொட்டியாரக்குடாவுக்கு வெளியால கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு இருக்குது, அதால நீலத்திமிங்கிலம் கரைக்கு நல்லாக் கிட்ட வரும். தண்ணியப் பீச்சி மூச்சு விடும், பிறகு முதுகு போகுது, போகுது, முடியுதே இல்ல, கடைசியா வாலத் தூக்கிப்போட்டு உள்ளுக்குப் போயிடும். போட்ல அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்த ஆக்கள் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். "தேவன் மகா மச்சங்களைச் சிருஷ்டித்தார்" எண்டு வாசிக்கேக்க எனக்கு இப்ப அதுதான் ஞாபகம் வரும். சங்கீதம் 19 சொல்லுற மாதிரி பேச்சும் இல்ல வார்த்தையும் இல்ல, ஆனா விளங்குது. ஆனா திமிங்கிலத்தப் பாத்து அவர் பெரியவர் எண்டு தெரியும், என்னை மன்னிப்பாரா எண்டு தெரியாது. அதுக்கு வேதமும் சிலுவையும் வேணும்.

இப்ப சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலமை, கனபேர் ஆராதனையில இருந்த நேரம். சுமாத்திராவுக்குப் பக்கத்தில கடலுக்கடியில நிலம் ஆடினது, தண்ணி வந்தது, இலங்கையில மட்டும் 30,000க்கு மேல சனம் போயிட்டுது. இந்தக் கேள்வி கேட்ட தங்கச்சி அப்ப பிறந்திருப்பாவோ தெரியாது. அதுக்குப் பிறகு சிலர் மைக்கப் பிடிச்சு, பாவத்துக்குத் தண்டனை எண்டு பிரசங்கம் பண்ணினவை. பிள்ளையக் குடுத்திட்டு இருக்கிற தாய்க்கு முன்னால! எனக்கு இண்டைக்கும் அது ஏலாது. லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததப் பற்றி இயேசு சொல்லேக்க, அவை மற்றாக்களை விடக் கூடின குற்றவாளிகள் எண்டு நினைக்கிறீங்களா, அப்பிடியில்ல எண்டுதான் சொல்லுறார். உடன "நீங்கள் மனந்திரும்புங்கோ" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிற ஆக்களைப் பாத்துத் திருப்புறார். பிள்ளையள் எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபுவின்ர சிநேகிதர்மாரும் அவருக்குக் காரணம் சொல்லித்தான் தேவனிட்ட பேச்சு வாங்கினவை. அதால கடல் செய்யிற ஒவ்வொண்டையும் தந்தி மாதிரி எடுத்து வாசிக்க ஏலாது. ரோமர் 8ல படைப்பே பிரசவ வேதனைப்படுகுது எண்டு இருக்குது, அந்த முனகலும் படைப்புக்குள்ள கேக்குது. ஏன் அண்டைக்கு, ஏன் அந்தப் பிள்ளை எண்டு கேட்டா நான் ஒரு விடையும் தர மாட்டன், வேதமும் தரேல்ல.

இன்னொண்டு, படைப்பு அவர் சொல்லி வந்ததெண்டா அதை நாங்கள் கெடுக்கவும் கூடாது. திருகோணமலைக் கோட்டைக்குள்ளயும் டவுன் பக்கமும் திரியிற மானுகள் சொப்பிங் பேக்கைச் சப்பிக்கொண்டு நிக்கிறத எல்லாரும் பாக்கிறம். கோட்டைக்குப் போறாக்கள் பொதியளை உங்கட பையிலயே திருப்பிக் கொண்டு வாங்கோ, சேர்ச் பிக்னிக் போறவையும் சேத்துத்தான் சொல்லுறன்.

அடுத்தது ஒரு தம்பி பரிணாமம் பற்றிக் கேட்டிருக்கிறார், அது நீளம், தனி வீடியோ ஒண்டு போடுறன்.