ஊர் பெயர் இல்லாமல் வந்த லார்ச் விதைகள்

வணக்கம் நண்பர்களே. பூங்காவுக்குள் நுழைந்தால் பூவைப் பார்ப்பதற்கு முன் பெயர்ப்பலகையைத்தான் படிப்பேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். ஆகவே இன்றைய கோபம் உங்களுக்குப் புரியும். எங்கள் பூங்காவில் குளிர்நாட்டு மரங்களுக்கென ஒதுக்கிய பகுதிக்காக, பூங்காக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் விதைப் பரிமாற்றத்தில் வந்த இந்த உறையில் ‘சைபீரிய லார்ச்’ என்ற ஊசியிலை மரத்தின் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. எந்த ஊர்க் காட்டில், எந்த அட்சரேகையில், எவ்வளவு உயரத்தில், எந்த ஆண்டில் சேகரித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உறையைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அனுப்பியவர்களின் முத்திரை மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

பெயர் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல குளிர்நாட்டு மரங்கள் வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடும் வேளையைப் பகலின் நீளத்தைக் கொண்டே முடிவு செய்கின்றன. வடகோடியில் பிறந்த விதையைத் தெற்கே கொண்டுவந்தால், கோடை நடக்கும்போதே நாள் குறுகிவிட்டதாகக் கொண்டு அது வளர்ச்சியை நிறுத்திக் குட்டையாகவே நின்றுவிடும். தெற்கத்தி விதையை வடக்கே நட்டாலோ, இலையுதிர் காலத்திலும் தளிர்விட்டுக்கொண்டிருந்து முதல் உறைபனியிலேயே கருகும். இரண்டும் ஒரே இனந்தான். பெயர்ப்பலகையிலும் ஒரே பெயர்தான் இருக்கும்.

இதோ, முன்பே நட்ட லார்ச்சின் மொட்டைப் பிளேடால் நெடுக்காக வெட்டிக் காட்டுகிறேன். வெளிச் செதில்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. உள்ளே பச்சையாக இருக்க வேண்டிய நடுப்பகுதி பழுப்பாகிவிட்டது. கடுங்குளிரை எளிதாகத் தாங்கும் மரம் இது. ஆனால் குளிர்காலத்தின் முடிவில் சில நாள் வெயில் அடித்தவுடன் வசந்தம் வந்ததாக எண்ணி விழித்துக்கொண்டது. பிறகு வந்த உறைபனி பிடித்துக்கொண்டது. அதனால்தான் எந்த மரம் எங்கே பிழைக்கும் என்று காட்ட, குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் வைத்து வகுத்த குளிர் மண்டல எண்ணை வேத வாக்காகக் கொள்வது எனக்கு அறவே பிடிக்காது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: தண்டு தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்தில் மண்ணும் அதன்மேல் பனிப்போர்வையும் வேரைக் காக்கின்றன, தொட்டியிலோ நாலு பக்கமும் குளிர் இறங்குகிறது. ஆகையால் நாற்றுகளைக் குளிர்காலம் முழுவதும் தொட்டியோடு மண்ணில் புதைத்தே வைக்கிறோம். குட்டை பிர்ச் புதர்களில் பனிக்கு அடியில் கிடந்த கிளைகளெல்லாம் நலமாக இருக்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா!

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, 1931-இல் தாவரவியலாளர் நிகோலாய் அவ்ரோரின் தொடங்கிய தாவரவியல் பூங்காவை நான் அடிக்கடி புகழ்வதற்குக் காரணம் உண்டு. அயல்நிலத் தாவரங்கள் துருவப் பகுதியில் எப்படி ஊன்றுகின்றன என்பதை ஆண்டுக்கணக்காகக் கவனித்துப் பதிவுசெய்வதையே அது தன் வேலையாகக் கொண்டது. விதை வந்த இடம் தெரியாவிட்டால் அத்தகைய பதிவுக்கு என்ன பயன்? பிழைத்தாலும் ஏன் பிழைத்தது, பட்டுப்போனாலும் ஏன் பட்டுப்போனது என்று சொல்ல முடியாதே!

சேகரித்த இடத்தைக் கேட்டு அனுப்பியவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரும்வரை இந்த விதைகள் நாற்றங்காலுக்குப் போகலாம். நிரந்தர இடத்தில் நடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.