எலிப்பொறிக் கட்சியும் பீட்டரின் முயலும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘மனதை அதிகம் புரியவைத்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தவர்களா, வெளியே நடத்தையைப் பார்த்தவர்களா?’ இதுதான் தலைப்பு. நான் நடத்தை அணி.

எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் அறிஞர் வுண்ட் திறந்த ஆய்வுக்கூடத்தில் ஆரம்பித்து, வியன்னாவில் நோயாளிகளைப் படுக்கவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்ன மருத்துவர் ஃப்ராய்டின் சாய்வுப்படுக்கை வரை நம்மைக் கூட்டிப் போனார். சரி, வுண்ட் பெரியவர்தான், வணங்குகிறேன். ஆனால் உட்காரும்போது எங்களை ‘எலிப்பொறிக் கட்சி’ என்றாரே! எலியைப் பார்த்து மனுஷனைப் படித்தவர்களாம். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

ஒரு பழியை ஒப்புக்கொள்கிறேன். 1920இல் எங்கள் கட்சி உளவியலாளர்கள் வாட்சனும் ரோசாலி ரேய்னரும், ஆல்பர்ட் என்ற கைக்குழந்தை வெள்ளெலியிடம் கை நீட்டும்போது முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். அப்புறம் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டுவிட்டார்கள். அது தப்பு. யார் செய்தாலும் தப்பு.

அதே ரேய்னரின் தோழி, உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். பயத்தை உண்டாக்க முடியுமென்றால் போக்கவும் முடியாதா என்று கேட்டவர் அவர். 1924இல் அவர் எழுதியதுதான் பீட்டரின் கதை.

பீட்டருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. எலி பயம், முயல் பயம், கம்பளிக் கோட்டு பயம். பஞ்சைக் கண்டால்கூட பயம்! அறையின் எந்த மூலையில் முயல் இருந்தாலும், கூண்டுக்குள்ளேயே இருந்தாலும், பிள்ளை அலறுகிறான். ஜோன்ஸ் என்ன செய்தார்? பயப்படாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார். முயல் பன்னிரண்டு அடி தூரத்தில். சரி, பொறுத்துக்கொண்டான். அப்புறம் நான்கு அடி. அப்புறம் மூன்றே அடி. கைதட்டலாமா? பொறுங்கள்!

நடுவில் பையனுக்குக் கடும் காய்ச்சல். இரண்டு மாதம் போல வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தாதியோடு டாக்ஸி ஏறும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய்கிறது. தாதியே நடுங்கிப்போனாள், பிள்ளை என்ன செய்வான்? அத்தனை அடியும் வீண். பழையபடி பன்னிரண்டு அடிக்கு அப்பால் போய் நின்றது பயம்.

ஜோன்ஸ் விட்டாரா? உயர நாற்காலியில் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டம் கொடுத்தார். அவன் வாய் மென்றுகொண்டிருக்க, கூண்டு மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. ஒரு கட்டத்தில் முயலைப் பார்த்துத் துப்பினான், கையில் கிடைத்ததை எறிந்தான். அதையும் முன்னேற்றம் என்றே குறித்துக்கொண்டார், தாய்மார்களே! கடைசியில் முயல் அவன் விரலைக் கொறித்தது, பீட்டர் கையை இழுக்கவில்லை. பஞ்சு பயமும் கோட்டு பயமும் கூடவே போயின. இன்றைக்கும் பயத்துக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் பலர் இதுபோன்ற படிகளில்தான் ஏறுகிறார்கள். சகோதரி, இதில் எலிப்பொறி எங்கே?

பீட்டரின் அம்மாவைப் பற்றியும் ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். மூத்த மகளைப் பறிகொடுத்தவள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிடுவாளாம். மகனை வீட்டுக்குள் கூப்பிட, “வா பீட்டர், உன்னை யாரோ தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்” என்பாளாம். இங்கே பூச்சாண்டி சொல்லாத வீடு எத்தனை? இழந்தவளின் பயம்தானே பிள்ளைக்குள் போனது?

எனக்கும் ஆறு வயதில் இருட்டு பயம். கொல்லைக் கிணற்றடிக்குப் போக மாட்டேன். என் அத்தை திட்டவில்லை. லாந்தரைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பொரி உருண்டை கொடுத்து, முதல் நாள் வாசற்படி வரை கூட்டிப் போனாள். மறுநாள் துணி துவைக்கும் கல் வரை. பிறகு முருங்கை மரம் வரை. அத்தைக்கு வாட்சனும் தெரியாது, ஜோன்ஸும் தெரியாது. ஒரு ராத்திரி நானே கிணற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். படியில் லாந்தர் மட்டும் இருந்தது. கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் சத்தம் கேட்டது.

நன்றி, வணக்கம்.