நேற்று முளைத்ததா இந்தக் காளான்?

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஐப்பசி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்தும் விட்ட வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, நாற்காலி போதவில்லை என்று தன் நாற்காலியையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கும் நூலகர் அவர்களே, எனக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் நடத்தி, இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே, இந்த அடைமழையிலும் குடை பிடித்து வந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, மைக்கைச் சரிசெய்த தம்பி, டீ கொண்டுவந்த தம்பி, எல்லோருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றி. பொதுவாகச் சால்வை வீட்டுப் பீரோவுக்குப் போகும். இன்று அடிக்கிற சாரலுக்கு உண்மையிலேயே போர்த்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைவர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார். வணக்கம் சொல்வதிலேயே கொஞ்சம் போய்விட்டது. ஆகவே மூன்றே விஷயம். நம் கொல்லையில் காளானை எங்கே தேடுவது, எதைத் தொடக்கூடாது, கிடைத்ததை எப்படிச் சமைப்பது. மூன்றாவதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒருவனை மட்டம் தட்ட நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. 'நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்.' போன வருஷம் கட்சிக்கு வந்தவனுக்கு இந்த வருஷம் பதவி கிடைத்தால் உடனே இதைச் சொல்லிவிடுவோம். கவுன்சிலர் அம்மா சிரிக்கிறார், நான் யாரையும் குறிப்பிடவில்லை. என் வழக்கு என்னவென்றால், இந்தப் பழமொழி காளானுக்குச் செய்த அநியாயம். நாம் பார்க்கிற குடை வெறும் காய். மரம் மண்ணுக்குள் இருக்கிறது, முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகளாக. ஈர விறகைப் புரட்டினால் அடியில் பஞ்சு மாதிரிப் படர்ந்திருக்குமே, அதுதான். வருஷக்கணக்கில் அது உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மழை வந்ததும் காய்க்கிறது. மாங்காயைப் பார்த்துவிட்டு மரத்துக்கு ஒரு நாள் வயது என்று யாராவது சொல்வார்களா?

ஐயா எங்களுக்கு நடத்திய காலத்தில் காளான் தாவரப் பாடத்தில் இருந்தது. 1969இல் ராபர்ட் விட்டேக்கர் என்கிற அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்தார். அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். புரட்டாசி விரதக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், அதனால் காளான் அசைவமாகிவிடாது.

சரி, எங்கே தேடுவது? முதல் இடம் புற்று. புற்றுக்காளான் ருசி தெரிந்தவர்கள் இங்கே தலையாட்டுவது தெரிகிறது. கரையான் இலையையும் மரத்தையும் அரைத்துத் தின்று, அந்தச் சக்கையால் புற்றுக்குள் தேனடை மாதிரி ஒன்றைக் கட்டுகிறது. அதில் பூஞ்சையை வளர்க்கிறது. விதைப்பு, பராமரிப்பு, அறுவடை, எல்லாம் உண்டு. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கிற விவசாயம் இது. நம் காவிரிப் பாசனத்துக்குக் கல்லணையைத்தான் பழமை என்று சொல்கிறோம், கரையானிடம் கேட்டால் சிரிக்கும். புற்றுக்காளானை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். தண்டு முடிகிற இடத்தில் முடியாது. வால் மாதிரி நீண்டு கீழே போய்க்கொண்டே இருக்கும், அந்தத் தோட்டம் வரைக்கும். 3 கோடி ஆண்டுச் சொத்துக்காரனைப் பார்த்து நேற்று முளைத்தவன் என்கிறோம்.

இரண்டாவது இடம் வைக்கோல் போர். நனைந்து சூடேறிய போரின் ஓரத்தில் சாம்பல் நிற முட்டை மாதிரி எழும்புவது வைக்கோல் காளான். 1940களிலேயே கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள் அதை வளர்க்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்து, வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். போரே இல்லாத தெருவில் அந்தக் காளானுக்கு எங்கே போவது?

தின்பதற்கு அல்லாமல் பார்ப்பதற்கென்றே சில உண்டு. எருக்குழி ஓரத்தில் காலையில் வெள்ளைத் தொப்பியாக நின்று, சாயங்காலத்துக்குள் கறுப்பு மையாக உருகி ஒழுகும் மைத்தொப்பி. பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் திடீரென்று வரும் சின்னக் குடைகள். அழகு என்று வாயில் வைத்துவிடக் கூடாது. செத்த முருங்கைக் கிளையில் ஈரத்தில் புடைத்துக்கொள்ளும் மரக்காது, தொட்டால் நிஜக் காது மடல் மாதிரியே குளுகுளு என்று இருக்கும். எனக்குப் பிடித்தது பறவைக்கூட்டுக் காளான். சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு கிண்ணம், உள்ளே பருப்பு மாதிரி நாலைந்து முட்டை. ஒரு மழைத்துளி சரியாகக் கிண்ணத்தில் விழுந்தால் அந்த முட்டை இரண்டு மூன்று அடி தள்ளிப் போய் விழும். அதுதான் அதன் விதைப்பு. போன வாரம் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, முட்டை ஒன்றுகூடத் தெறிக்கவில்லை.

அடுத்தது, எதைத் தொடக்கூடாது. இதற்கு என் மாப்பிள்ளையைத்தான் சாட்சிக்கு இழுக்க வேண்டும். அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்குப் பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாள் நல்ல மழை. சாயங்காலம் கிணற்றடிப் புல்லில் தட்டு அகலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் குடைகள், நடுவில் பழுப்புச் செதில், தண்டில் மோதிரம். மாப்பிள்ளை போனை நீட்டினார். ஆப் ஏதோ வெளிநாட்டுப் பெயர் சொல்லி, சாப்பிடலாம் என்றது. என் மனைவி சும்மா இருப்பாளா? ஒரு துண்டைக் கொதிக்கவைத்து வெள்ளிக் குங்குமச்சிமிழ் மூடியை அதில் போட்டாள். கறுக்கவில்லை. என் அத்தை பூண்டுப் பல்லைப் போட்டார். அதுவும் வெள்ளையாகவே இருந்தது. "பூச்சி கடிச்சிருக்கு பாரு, நல்ல காளான்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை நேராக மறுத்துப் பேசவும் முடியாது. "ஒரு ராத்திரி பொறுங்க மாப்பிள்ளை" என்றேன். ஒரு குடையின் காம்பைக் கிள்ளிவிட்டு, அவர்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் வெற்றுப் பின்பக்கத்தில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு எவர்சில்வர் குண்டானை மூடிவைத்தேன். அவரும் "சரிங்க மாமா" என்றார்.

சரிங்க மாமா என்றவர், பதினோரு மணிக்கு நாங்கள் படுத்தபின் இரண்டைக் கிள்ளி, வெண்ணெயும் மிளகும் போட்டு வறுத்துச் சாப்பிட்டிருக்கிறார். என் மகளுக்கும் கொடுத்திருக்கிறார். அவள் அதிரசம் தின்ற வயிறு, வேண்டாம் என்றிருக்கிறாள். அதிரசத்தைப் பற்றி டாக்டர்கள் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன், அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. ஒரு மணிக்கு பாத்ரூம் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. இரண்டு மணிக்கு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரி. டூட்டியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி வந்தது?" இரண்டு மணி நேரம் என்றோம். "நல்லவேளை" என்றார். எனக்குப் புரியவில்லை. சீக்கிரம் வயிற்றைப் புரட்டுகிற காளான் பெரும்பாலும் வயிற்றோடு விட்டுவிடும், ஆறு மணி நேரத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆரம்பிப்பதுதான் கல்லீரலைத் தின்னும் என்று அப்புறம் விளக்கினார்.

விடிகாலை நாலு மணிக்குத் தெருவெல்லாம் வெடிச் சத்தம். சம்பந்தி போன் செய்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார். மாப்பிள்ளை சலைன் ஏறிய கையோடு போனை வாங்கி, "ராத்திரி ஒரு மணியிலேர்ந்து ஆயிட்டே இருக்குப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து குண்டானைத் தூக்கினேன். பத்திரிகையின் முதுகில் பச்சைச் சாம்பல் தூளில் விசிறி மடிப்பு மாதிரி அச்சு. அந்தத் தூள்தான் காளானின் வித்து. பச்சை வித்து என்றால் வயிற்றைப் புரட்டுகிற விஷக்காளான். அறிவியல் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ். இளசில் அதன் மடிப்பு வெள்ளையாகவே இருக்கும், அதனால்தான் ஏமாற்றும். வெள்ளியும் பூண்டும் எந்தக் காளானையும் கண்டுபிடிக்காது. பூச்சி தின்னும், நத்தை தின்னும், அவற்றின் வயிறு வேறு. 2022 ஏப்ரலில் அசாம் தேயிலைத் தோட்டப் பக்கம் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்டுப் பதின்மூன்று பேர் இறந்துபோனார்கள். காலங்காலமாகக் காளான் பொறுக்கித் தின்கிற மக்கள் அவர்கள். ஆகவே அடையாளம் நூற்றுக்கு நூறு தெரியாததைக் கண்ணால் மட்டும் ரசியுங்கள். சாப்பிட ஆசையா, கடையில் சிப்பிக்காளானும் பால்காளானும் கிடைக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் எதிர்வீட்டில் அப்படித்தான், பிள்ளைகள் தொட்டுவிடும் என்று கொல்லை முழுக்கச் சிமென்ட் போட்டுவிட்டார்கள். வேப்பஞ்சருகு விழுந்தால் கூட்டி வைத்துக் கொளுத்துகிறார்கள். மரத்துக்கு உறுதி கொடுக்கிற லிக்னினை முழுசாக உடைத்து மண்ணாக்கத் தெரிந்தது இந்தப் பூஞ்சைக் கூட்டத்துக்குத்தான். மாமரத்துக்கும் தென்னைக்கும் வேரோடு ஒட்டிக்கொண்டு மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, தேடிக் கொடுப்பதும் பூஞ்சைதான். எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. தென்னை அடியில் செம்பழுப்புத் தட்டு மாதிரி வந்து, தண்டில் செந்நீர் வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல். மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்குப் போடச் சொல்கிறார்கள். சிமென்ட் போடச் சொல்லவில்லை.

கவுன்சிலர் அம்மா வந்திருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்த நூலகத்தின் பின்பக்கத்தில், வேம்பு நிற்கிற இடத்தில், பேவர் பிளாக் பதிக்க அளவெடுத்துப் போயிருக்கிறார்கள் என்று கேள்வி. வண்டி நிறுத்த முன்பக்கமே போதும். அந்த மண்ணில் இந்த ஐப்பசியில் மட்டும் ஏழு வகைக் காளான் எண்ணினேன். பேவர் பிளாக்தான் நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்தது, அம்மா. காளான் முன்பே இருக்கிறது. மனு ஒன்று எழுதி டீ மேசையில் வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். 'சமையல் எங்கே?' என்று எழுதியிருக்கிறது. நேரமாகிவிட்டதே, அடுத்த கூட்டத்தில் என் மனைவியைக் கூட்டி வருகிறேன், அவள் சொல்வாள். இப்போது யாரிடமாவது டார்ச் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சுவர் ஓரம் விழுந்துகிடக்கிற வேப்பங்கிளையில் பறவைக்கூட்டுக் காளான் வந்திருக்கிறது. புல் வழுக்கும், செருப்போடு வாருங்கள். கவுன்சிலர் அம்மா முதலில் பார்க்கட்டும்.