சண்டை முடிஞ்சப்புறம் சுவருக்கு யாரு காசு குடுப்பா?

எல்லாருக்கும் வணக்கம். காமிக்ஸ்ல சூப்பர்ஹீரோ வில்லன தூக்கி எறியுறாரு, அவன் ஒரு கட்டடத்த துளைச்சுகிட்டு அந்தப் பக்கம் போய் விழறான், நாம பக்கத்த திருப்பிடுறோம். அந்தக் கட்டடம் ஒருத்தரோடதுங்க. லோன் போட்டு வாங்கின கடையா இருக்கலாம், வாடகைக்கு விட்டு அதுல பொழைக்கிறவங்களோட வீடா இருக்கலாம். அவங்களுக்கு யாரு காசு குடுப்பா? இன்னிக்கு இந்த ஒரு கேள்வியத்தான் பிடிச்சுக்கப் போறேன், ஹீரோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்கிறதால அந்த நாட்டு சட்டத்த வச்சே பாப்போம்.

ஹீரோ மேலயே கேஸ் போடலாமே? போடலாம், நிக்குமான்னுதான் தெரியாது. 1849 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பெரிய தீ. பரவுறத தடுக்க, அந்த ஊர் நிர்வாகத் தலைவர் ஜான் கியரி ஒரு வீட்ட வெடி வச்சு தகர்க்க வச்சாரு. வீட்டுக்காரர் சுரோக்கோ அப்ப சாமான வெளிய எடுத்துகிட்டு இருந்தாரு, கொஞ்ச நேரம் விட்டிருந்தா இன்னும் எடுத்திருப்பேனேன்னு கோர்ட்டுக்குப் போனாரு. ஊரக் காப்பாத்த வேற வழியில்லாம செஞ்சதுக்கு கியரி நஷ்ட ஈடு குடுக்க வேண்டாம்னு 1853-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இத சூப்பர்மேனுக்குப் பொருத்திப் பாருங்க. தன்னோட ஊரான மெட்ரோபொலிஸ காப்பாத்த உங்க கட்டடத்த இடிச்சா அவரு தப்பிச்சுடுவாரு, நஷ்டம் உங்க தலையில. எனக்கு இது நியாயமாவே படல, ஊரே பொழைச்சதுக்கு ஒரே ஒருத்தர் விலை குடுக்கிறாரு.

தன்னக் காப்பாத்திக்க இடிச்சா கதை வேற. புயல் நேரத்துல கப்பல அவிழ்த்து விடாம, கயிறு அறுந்தா புதுசு மாத்திக் கட்டியே வச்சிருந்தாங்க, அது மோதி மோதி துறைமேடை போச்சு. கட்டி வச்சது தப்பில்ல, ஆனா சேதத்துக்கு 500 டாலர் குடுன்னு 1910-ல மினசோட்டாவுல தீர்ப்பு. அப்ப ஸ்பைடர்மேன் அடிக்குத் தப்பிக்க உங்க கடைக் கண்ணாடிய உடைச்சுகிட்டு உள்ள குதிச்சா அதுக்கு அவரு பொறுப்பு.

சரி, ஜெயிச்சாச்சு, வசூல் பண்ணணுமே. முகமூடி போட்டவருக்கு சம்மன் எந்த அட்ரஸுக்கு அனுப்புவீங்க? ஸ்பைடர்மேனோட நிஜப் பேரு பீட்டர் பார்க்கர்னு தெரிஞ்சாலும் அவரு பேப்பருக்கு ஃபோட்டோ வித்து வாடகை கட்டுறவரு, அந்த வருமானத்துலயும் வருமான வரி போக சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனி. நாலு பேர் கொண்ட ஹீரோ குழுவான ஃபென்டாஸ்டிக் ஃபோர் 1962-லயே, 9-வது இதழ்லயே, பங்குச் சந்தையில விட்டு திவாலாகி நின்னவங்க. காசு இருக்கிறது, முகமூடிக்குள்ள பேட்மேனா இருக்கிற கோடீஸ்வரர் புரூஸ் வேய்ன்கிட்டதான். 2010-ல வந்த கதையில, பேட்மேனுக்கு செலவு பண்றது நான்தான்னு அவரே ஊரறிய சொல்லிட்டாரு. கடைக்காரரோட வக்கீலுக்கு அதவிட வேற என்ன வேணும், கேஸ் போட ஒரு பேரு கிடைச்சாச்சு.

பேட்மேன் விஷயத்துல இன்னொரு சிக்கல், போலீஸ் மொட்டை மாடியில அவர கூப்பிடுற அந்த லைட். அரசு நியாயமில்லாம சோதனை போடுறத தடுக்கிற 4-வது அரசியலமைப்புத் திருத்தம், தனி ஆள் தானா புகுந்து எடுத்த ஆதாரத்த தடுக்காதுன்னு 1921-லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஆனா போலீஸ் கூப்பிட்டு போறவரு போலீஸோட ஆளுதானே, வாரண்ட் இல்லாம எடுத்தத கோர்ட் தள்ளிடும். முகமூடியோட வந்து சாட்சி சொல்றதும் கஷ்டம், சாட்சிய நேருக்கு நேர் வச்சு குறுக்கு விசாரணை பண்ற உரிமைய 6-வது திருத்தம் குடுக்குது. பேட்மேன் பிடிச்சுக் குடுத்த வில்லன் ஜோக்கர் வெளிய வர இவ்வளவு போதும். அதே லைட்ட காட்டி, இவர அனுப்பினதே நகரம்தான்னு கடைக்காரரும் பேட்மேனோட ஊரான காதம் நகராட்சி மேல வாதாடலாம், ஆனா வருஷக்கணக்கா இழுக்கும்.

அதனால இன்ஷூரன்ஸ்தான் நிஜமான வழி. அதுலயும் போர்ச் சேதம் வழக்கமா பாலிசிக்கு வெளிய, வேற்றுகிரகப் படையெடுப்பும் போர்தான்னு கம்பெனி கண்டிப்பா வாதாடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் தீவிரவாதச் சேதத்தயும் இப்படித்தான் கழட்டி விட ஆரம்பிச்சாங்க, ஒரு அளவுக்கு மேல போற நஷ்டத்துல பெரும்பகுதிய அரசு ஏத்துக்கும்னு 2002-ல சட்டம் போட வேண்டி வந்துச்சு. காதமுக்கும் மெட்ரோபொலிஸுக்கும் இதே மாதிரி ஒண்ணு இல்லாட்டி எந்த பேங்கும் அங்க கட்டடத்துக்கு கடன் குடுக்காது. என்னக் கேட்டா அந்தச் சட்டத்துல யாரு இடிச்சாங்கன்னு நிரூபிக்கிற வேலையே இருக்கக் கூடாது, இன்ஜினியர் வந்து பாத்து இவ்வளவு சேதம்னு எழுதிக் குடுத்தா முதல் தவணை அந்த மாசமே கடைக்காரர் கைக்கு வந்துடணும்.