28 பின் ஐ.சி.க்கு எந்த சாக்கெட்?

(காட்சி: 28 பின் ஐ.சி. ஒன்று, மிக நெருக்கத்தில்)

இது ஏடிமெகா328பி, புரோகிராம் ஏற்றி இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப். ஆர்டுயினோ உனோ என்ற பயிற்சி போர்டில் சாக்கெட்டில் பொருத்தியிருப்பார்களே, அதே சிப். சாக்கெட் என்பது, சிப்பை நேரடியாகச் சால்டர் (ஈயப் பற்றவைப்பு) செய்யாமல் கழற்றி மாட்ட உதவும் தாங்கி. கடையில் "28 பின் சாக்கெட்" என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் இரண்டு அகலங்கள் உண்டு. அடுத்தடுத்த பின்களுக்கு இடையே எதிலும் 2.54 மி.மீ.தான். இரு வரிசைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் மாறும். இந்தச் சிப்புக்கு 7.62 மி.மீ. வேண்டும், 27சி256 என்ற ஈப்ராம் நினைவகச் சிப்புக்கும் 28 பின்தான், ஆனால் 15.24 மி.மீ. வேண்டும்.

(காட்சி: இரண்டு சாக்கெட்டுகளின் துளைகள், பூதக்கண்ணாடி வழியாக)

இனி உள்ளே பாருங்கள். விலை குறைந்த சாக்கெட்டில் மெல்லிய உலோகத் தகடுகள் பின்னைப் பிடிக்கின்றன. இரு பக்கமும் தகடு இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒரே பக்கம் மட்டும் அழுத்தும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில முறை கழற்றி மாட்டினாலே பிடி தளர்ந்துவிடும். பிறகு சர்க்யூட் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. அந்தக் கோளாறைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

மற்றது கடைந்தெடுத்த பின் கொண்டது. துளை வட்டமாக இருக்கும், உள்ளே நான்கு விரல்கள் பின்னைச் சுற்றிலும் கவ்வும். விலை கூடுதல்தான், ஆனாலும் நீண்ட நாள் ஓட வேண்டிய கருவிக்கு இதையே போடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: வயர் மாட்டுவதற்காகப் போர்டில் வைக்கும் 0.64 மி.மீ. சதுர ஹெடர் பின்னை இதில் திணித்தால் விரல்கள் விரிந்துவிடும். அதன்பின் ஐ.சி.யின் மெல்லிய கால் அதில் உறுதியாக நிற்காது.

அடிக்கடி சிப்பைக் கழற்றிப் புரோகிராம் ஏற்றுபவர்களுக்கு நெம்புகோல் வைத்த ஜிஃப் சாக்கெட், அதாவது அழுத்தித் திணிக்காமலே சிப்பை வைத்து எடுக்கக்கூடிய வகை.

(காட்சி: எல்293டி மோட்டார் டிரைவர்)

சாக்கெட்டே வேண்டாத இடமும் உண்டு. எல்293டியில் 4, 5, 12, 13 ஆகிய பின்கள் கிரவுண்டு மட்டுமல்ல, சிப்பின் சூட்டைப் போர்டின் செம்புப் பரப்புக்குக் கடத்துவதும் அவைதான். நடுவில் சாக்கெட் வந்தால் அந்த வழி குறுகிவிடும். அதிக மின்னோட்டம் எடுக்கும் மோட்டார் என்றால் நேரடியாகவே சால்டர் செய்யுங்கள்.

(காட்சி: காலி சாக்கெட்டைச் சால்டர் செய்யும் கை)

சாக்கெட்டின் ஒரு முனையில் திசை காட்டும் பள்ளம், போர்டில் அச்சிட்ட பள்ளத்தோடு பொருந்தட்டும். முதலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பின்களை மட்டும் சால்டர் செய்து, சாக்கெட் போர்டோடு ஒட்டி அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றவற்றையும் முடித்து ஆறிய பிறகு, வெளிப்பக்கம் விரிந்திருக்கும் ஐ.சி.யின் கால்களை மேசையில் மெதுவாகச் சாய்த்து அழுத்தி நேராக்கி, உள்ளே பொருத்துங்கள்.