காதால் கண்டறியும் சுற்றுப்பாதை

நேயர்களுக்கு வணக்கம். தரையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டரே உள்ள ஒரு பெட்டி, வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கியூப்சாட் எனப்படும் அந்தச் சிறிய செயற்கைக்கோள், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்றை முடிக்கிறது. ஓரிடத்தில் நிற்பவருக்கு அது தொடுவானத்துக்கு மேலே இருக்கும் நேரமோ, தலைக்கு நேர் மேலே கடக்கும் நாளில்கூடப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்தாம். அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காணாமல், தொலைநோக்கியும் ராடாரும் இல்லாமல், அது அனுப்பும் வானொலிக் குறிப்பின் ஒலியைக் கேட்டே சொல்லிவிட முடியும் என்பதுதான் நான் நெடுங்காலமாக விரும்பிப் பேசிவரும் செய்தி.

சாலையோரம் நிற்கும்போது ஒலிப்பானை விடாமல் அழுத்தியபடி ஒரு பேருந்து கடந்து செல்வதைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கி வரும்போது ஒலியின் சுருதி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் இருக்கும். இதையே டாப்ளர் விளைவு என்கிறோம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சாலையை ஒட்டி நின்றால் சுருதி சட்டென்று இறங்கும், தொலைவில் நின்றால் மெல்ல மெல்ல இறங்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது அனைத்தும் இதன்மேல்தான் நிற்கிறது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் ‘பீப், பீப்’ என்ற குறிப்பொலி வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள், யாரும் பணிக்காமலேயே, வெறும் ஆர்வத்தால் அதைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்த ஒலியின் சுருதி மேலிருந்து கீழாக இறங்குவதைக் கண்டு, அந்த இறக்கத்தைக் காலத்தோடு சேர்த்து அளந்து, கணிப்பொறியின் துணையுடன் ஸ்புட்னிக்கின் பாதையையே வகுத்துவிட்டார்கள். மறு ஆண்டு, அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மக்ளூர் அவர்களை அழைத்து, கேட்பவரின் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதையைக் கணிக்க முடிகிறதென்றால், பாதை தெரிந்த கோளைக் கொண்டு கேட்பவரின் இடத்தைக் கணிக்க முடியாதா என்று வினவினார். கடலடியில் திரியும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தம் இருப்பிடத்தை அறியும் வழி அப்போது தேவைப்பட்டது. ‘டிரான்சிட்’ என்ற முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. இந்த வரலாற்றை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவது என் வழக்கம். இன்றும் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுருதி இறக்கத்தில் என்னதான் அடங்கியிருக்கிறது? சிறு செயற்கைக்கோள்கள் பல, 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அமெச்சூர் வானொலிப் பகுதியில், அதாவது பொழுதுபோக்காக வானொலி இயக்குவோருக்கான அலைவரிசையில், ஒலிபரப்புகின்றன. தொடுவானத்தில் எழும்போது அலையெண் தன் இயல்பான அளவைவிடச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், மறையும்போது அதே அளவு தாழ்ந்தும் கேட்கும். மிக விரைவாக இறங்கும் கணமே கோள் உங்களுக்கு மிக அருகில் வந்த கணம். அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு அருகில் அது கடந்திருக்கிறது. 500 கிலோமீட்டர் உயரத்தில் நேர் மேலே கடந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ் என்ற விரைவில் இறங்கும்; தொடுவானத்தை ஒட்டிக் கடந்தால் அந்த விரைவு பல மடங்கு குறையும். பேருந்தும் சாலையோரமும் நினைவிருக்கின்றன அல்லவா? ஒரு குறை உண்டு: கோள் உங்களுக்குக் கிழக்கே கடந்ததா, மேற்கே கடந்ததா என்பதை ஒரே ஒரு கடப்பின் ஒலி எளிதில் காட்டிக்கொடுக்காது. அதற்கு அடுத்த கடப்பையோ, வேறோர் ஊரில் கேட்டவரின் பதிவையோ சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணிப்பு அட்டவணைகள் கையில் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கோளின் பாதையை இரண்டு வரி எண்களில் தரும், ராடார் அளவீடுகளிலிருந்து உருவாக்கப்படும் ‘இருவரித் தரவு’ இணையத்தில் கிடைப்பதும், நாம் அனைவரும் அதைக்கொண்டே ஆன்டெனாவைத் திருப்புவதும் உண்மைதான். ஆனால் ஏவப்பட்ட முதல் நாட்களில் அது போதாது. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுசென்றது. அவ்வாறு கூட்டமாக விடப்படும்போது ராடாருக்குத் தெரிபவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் பெயரற்ற புள்ளிகளே. உங்கள் கோள் எந்தப் புள்ளி என்பதை ராடார் சொல்லாது. உங்கள் கோளின் குரல் உங்களுக்குத் தெரியும். அது மிக அருகில் வந்த கணத்தை ஒரு வினாடித் துல்லியத்தில் குறித்துவிட்டால், பாதையில் அதன் இடம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் கணத்தோடு பொருந்தாத புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிடலாம். ஆகவே டாப்ளர் மாற்றத்தை, வானொலிப் பெட்டியின் அலையெண்ணை மாற்றி மாற்றித் திருத்தித் தள்ளவேண்டிய தொல்லையாக மட்டும் கருதும் போக்கை நான் ஏற்பதில்லை. கேட்பதற்காகத் திருத்துங்கள், திருத்தாத பதிவு ஒன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். காற்றின் இழுவையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; சுருக்கமாகவே சொல்ல முடியும். அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. சூரியக் கொந்தளிப்பின்போது வளிமண்டலம் சூடாகி மேலெழும்புவதால் அங்கே காற்றின் அடர்த்தி கூடுகிறது, கோளின் பாதை தாழ்கிறது, பழைய தரவு சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே கோள் வந்துவிடுகிறது. 2022 பிப்ரவரியில் மிகத் தாழ்ந்த தொடக்கப் பாதையில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை அத்தகைய புவிக்காந்தப் புயலால்தான் விழுந்து எரிந்தன. எனவே தரவை அன்றன்று புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குவோர் நேர் மேலே கடக்கும் கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்போது ஆன்டெனாவைச் சில வினாடிகளில் எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டியிருக்கும். தொடுவானத்திலிருந்து உச்ச உயரக் கோணம் 50 பாகையை ஒட்டிய கடப்பாக இருந்தால் கைக்கு எளிது. நன்றி, வணக்கம்.