ஊட்டிக்கு எத்தனை துணி?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மனையியல் கல்லூரியில் துணிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பழைய மாணவிகளிடமிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மேடம், குழந்தைகளுக்குப் பரீட்சை முடிகிறது. ஊட்டிக்கு ஐந்து நாள் போகிறோம். ஆளுக்கு எத்தனை செட் துணி எடுத்துக்கொள்ளலாம்?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் நாள் கணக்கில்தான் விடை தேடுகிறார்கள். ஐந்து நாள், நான்கு பேர், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. அதிலேயே நாற்பது உடைகள் ஆகிவிடுகின்றன. அதற்கு மேல் ஸ்வெட்டர், சால்வை, இரவு உடை, துண்டு. பிறகு "எதற்கும் இருக்கட்டும்" என்று கடைசி நேரத்தில் திணிப்பவை. இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தோள் பை, தின்பண்டங்களுக்கு ஒரு கட்டைப்பை. இவ்வளவையும் எடுத்து மடித்து அடுக்குகிறவர் பெரும்பாலும் வீட்டின் அம்மாதான். திரும்பி வந்ததும் துவைத்து மடித்து அலமாரியில் வைப்பவரும் அவரேதான். நான்கு பேர் விடுமுறைக்குப் போகிறார்கள் என்றால் அவருக்கும் அது விடுமுறையாக இருக்க வேண்டும் அல்லவா? மூட்டையைக் குறைப்பதைப் பற்றிப் பேச நான் ஒப்புக்கொண்டதற்கு முதல் காரணம் இதுதான்.

துணியை நாள் கணக்கில் எண்ணாதீர்கள். தோலோடு ஒட்டியிருக்கும் துணி எது, அதற்கு மேலே இருக்கும் துணி எது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் முதலில் ஏறுவது தோலோடு ஒட்டிய துணியில்தான். உள்ளாடை, பனியன், ரவிக்கை, காலுறை ஆகியவற்றை நாள்தோறும் மாற்றியே ஆக வேண்டும். அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவை இடத்தை அடைப்பதில்லை. மேலே உடுத்தும் சேலையும் சட்டையும் கால்சட்டையும் ஸ்வெட்டரும் அப்படி அல்ல. குளிர்ந்த ஊரில் அவற்றை இரண்டு மூன்று முறை உடுத்தலாம். எடையெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஜீன்ஸ் கால்சட்டை அரைக் கிலோவுக்குக் குறைவதில்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது நேர்மாறானது. சேலை ஆறு, ரவிக்கை ஆறு என்று இணை இணையாக எடுத்து வைக்கிறோம். சேலை இரண்டும் ரவிக்கை நான்குமாக எடுத்துப் பாருங்கள். பெட்டி பாதியாகிவிடும், ஒரு ரவிக்கையை நடுவில் அலசிக்கொண்டால் ஐந்து நாளும் சுத்தமான உடையில் இருப்பீர்கள்.

ரவிக்கைகள் இரண்டு சேலைக்கும் பொருந்த வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். கறுப்பு, அரக்கு இந்த இரண்டு நிறத்தில் இருந்தால் நம் ஊர்ப் பருத்திச் சேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துப்போகும். உள்பாவாடையும் அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும்.

சேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை. பயணத்துக்குச் சேலை சரிப்படாது, சுடிதார்தான் வசதி என்று இளையவர்கள் சொல்கிறார்கள். ஏறி இறங்கவும் ஓடவும் சுடிதார் வசதி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே துணி எத்தனை வேலை செய்கிறது என்று பார்த்தால் மெல்லிய பருத்திச் சேலைக்கு ஈடு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி அது. அளவு என்ற பேச்சே இல்லாததால் அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி உடுத்தலாம். இரவு ரயிலில் அதை இரண்டாக மடித்தால் போர்வை. கைக்குழந்தை இருந்தால், தங்குமிடத்தில் உறுதியான உத்தரமோ கொக்கியோ கிடைக்கும் பட்சத்தில், தூளி. வெயில் அடிக்கும் ஜன்னலுக்குத் திரை. மதுரைச் சுங்குடி இதற்கு மிகவும் ஏற்றது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அந்தப் புள்ளிகள் சிறு கசங்கலைக் காட்டிக்கொடுப்பதில்லை. கஞ்சி போட்டு மொடமொடப்பாக இஸ்திரி போட்ட சேலையைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது அதன் அழகு முழுவதும் போயிருக்கும். மாலையில் கொஞ்சம் பளிச்சென்று உடுத்த வேண்டும் என்றால் காஞ்சிப் பட்டு வேண்டாம். பட்டு இழையும் பருத்தி இழையும் சேர்த்து நெய்யும் கோவை கோரா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் ஜரிகை இருக்கும்; கையில் எடுத்தால் கனமே தெரியாது.

சுடிதார்தான் உடுத்துவேன் என்பவர்களுக்கும் அதே கணக்குதான். கால் பகுதி இரண்டு, மேல்சட்டை நான்கு, துப்பட்டா ஒன்று. எந்த மேல்சட்டையை எடுத்தாலும் எந்தக் கால் பகுதியோடும் சேர வேண்டும். சேராத ஒன்று எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் அதற்கு இந்தப் பயணத்தில் இடமில்லை.

ஆண்களுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். போட்டுக்கொண்டு போகும் கால்சட்டையைத் தவிர இன்னொன்று, சட்டை மூன்று, பனியன் நாளுக்கு ஒன்று, ஒரு வேட்டி. கூடவே ஈரிழைத் துண்டு ஒன்று. தடித்த டர்க்கித் துண்டு குளிரூரில் ஒரு முறை நனைந்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். வேட்டியை விட்டுவிடாதீர்கள். இரவில் அதுவே உடை. ஊட்டியை விட்டுத் தெற்கே போகிறவர்களுக்கு அது இன்னும் அவசியம். குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலிலும் ஆண்கள் கால்சட்டையோடு உள்ளே போக முடியாது. வாசலில் போய் வாடகை வேட்டிக்கு அலைய வேண்டாம்.

இப்போது குளிருக்கு வருகிறேன். ஊட்டிப் பயணத்தின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் கிளம்பி, சில மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேடும் பயணம் இது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையம் சுமார் 2,200 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்குப் போட்டால் கீழே இருப்பதைவிட மேலே ஏறத்தாழ 12 டிகிரி குறைவு. மேட்டுப்பாளையத்தில் 36 என்றால் ஊட்டியில் 24. பகலில் அது இதமான காற்றுதான். இரவில்தான் இன்னும் இறங்கும்.

அதனால் தடித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கித் திணிக்கத் தேவையில்லை. குளிரைத் தடுப்பது துணியின் கனம் மட்டும் அல்ல. துணிக்கும் துணிக்கும் நடுவே அடைபட்டு நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தூறலும் புகாத மெல்லிய மழைச்சட்டை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மாலையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். தடித்த ஸ்வெட்டரை அணிந்தவருக்கு அந்த வசதி கிடையாது. பகல் பதினொரு மணிக்குத் தாவரவியல் பூங்காவில் அதைக் கழற்றிக் கையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். மே மாதத்தில் மலையில் கோடை மழை சகஜம் என்பதால் மழைச்சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

முழுக்கைச் சட்டை என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் ஏற ஏற வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. குழந்தைகளின் முகமும் கையும் கறுத்துத் தோல் உரிவது அதனால்தான். விளிம்புள்ள தொப்பி ஒன்று ஆளுக்கு அவசியம்.

மலை ரயிலில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 46 கிலோமீட்டர் தூரத்தை அது ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சின்னஞ்சிறு பெட்டிகள்; மூட்டை முடிச்சு வைக்க இடம் குறைவு. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாறும்போது, பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடைமேடையில் திணறும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோக ரயில்வே அனுமதிக்கிறது. அது ரயிலின் தெம்பு. நம் தோளுக்கு ஏழு எட்டு கிலோவே அதிகம். குன்னூர் நெருங்கும்போதே காற்று மாறிவிடும். ஸ்வெட்டர் பையின் அடியில் கிடந்தால் அப்போது உதவாது. மேலாக வையுங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காதை மூடும் குல்லாயும் காலுறையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குறைவான துணி என்றால் துவைக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆம், கொஞ்சம் துவைக்கத்தான் வேண்டும். எதைத் துவைப்பது என்பதில்தான் சூட்சுமம். பருத்திக்கு ஈரத்தின் மேல் ஆசை அதிகம். நூறு கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே எட்டு கிராமுக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதே எடையுள்ள பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுப்பதில்லை. சமவெளி வெக்கையில் பருத்தி இதமாக இருப்பது வியர்வையை உறிஞ்சும் அந்தக் குணத்தால்தான். ஊட்டியில் துவைத்த பருத்திச் சட்டை மறுநாள் காலையிலும் சில்லென்று இருப்பதும் அதே குணத்தால்தான். ஈரப் பருத்தியைக் குளிரில் உடுத்தினால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குழந்தைகளுக்கு அப்படிப் போட்டுவிடவே கூடாது. ஆகவே மலையில் சிறு துணிகளை மட்டும் அலசுங்கள். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி முறுக்கினால் மிச்சமிருக்கும் ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு மின்விசிறிக் காற்றில் விரித்துப் போட்டால் விடிவதற்குள் உடுத்தும் பதத்துக்கு வந்துவிடும். சட்டை, சுடிதார் எல்லாம் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டனில் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஜீன்ஸைப் பயணத்தில் துவைக்க நினைக்கவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்புக் காட்டமாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே காலையில் ஐஸ்கிரீமையும் சேற்றையும் சட்டையில் பூசிக்கொண்டு வரும். அதற்காகக் கோபித்துக்கொள்ளும் பயணம் என்ன பயணம்? அவர்களுக்கு நாளுக்கு இரண்டு உடை எடுங்கள். அவை அடர்ந்த நிறத்தில், நன்றாகப் பழகிய துணிகளாக இருக்கட்டும். பயணத்துக்கென்றே புதிதாக வாங்குவது நம் வழக்கம். துவைக்காத புதுத் துணி சாயம் விட்டுப் பக்கத்துத் துணியையும் கெடுக்கும். புதுச் செருப்பு குதிகாலைக் கடிக்கும். வாங்கினால் இரண்டு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் துவைத்துப் போட்டுப் பழக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பையைத் தானே அடுக்கித் தானே சுமக்கட்டும். அடுக்கத் தெரியவில்லை என்றால் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

அடுக்கும்போது துணியைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்ட வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் கேட்பார்கள். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பைகள் எல்லா வீட்டிலும் கிடக்கும். தமிழக அரசு 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். சிறு துணிகளுக்கு ஒரு பை, அழுக்குத் துணிக்கு ஒரு பை, செருப்புக்கு ஒரு பை. துணிப்பைக்குள் காற்று போவதால் அழுக்குத் துணியில் பூஞ்சை வாடை பிடிப்பதும் குறையும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. "எல்லாப் படத்திலும் ஒரே சேலையில் இருப்பேனே, சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?" இந்தக் கவலையைப் பெண்களிடம் பல முறை கேட்டிருக்கிறேன். படத்தை எடுத்துப் பார்ப்பவர்கள் உங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள். மூட்டை சுமந்து களைத்த முகத்தோடு பத்துச் சேலையில் நிற்பதைவிட, தெளிந்த முகத்தோடு இரண்டே சேலையில் நிற்பது எவ்வளவோ மேல். மனம் ஒப்பவில்லை என்றால் நிறம் மாறும் சால்வையோ துப்பட்டாவோ ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு கிராமுக்குள் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பையில் கால் பங்கு இடத்தைக் காலியாக விட்டுக் கிளம்புங்கள். ஊட்டி வர்க்கியும் தேயிலையும் யூகலிப்டஸ் தைலமும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. தைலப் புட்டியைக் காலுறைக்குள் நுழைத்துத் துணிகளின் நடுவே நிறுத்தி வையுங்கள். வர்க்கி லேசாக அழுத்தினாலே நொறுங்கிவிடும் பண்டம். அது எல்லாவற்றுக்கும் மேலே, சால்வையின் மடிப்பில் வரட்டும்.

நன்றி, வணக்கம்.